தாலியும் இல்லை, பதிவும் இல்லை: 11 வருஷம் சேர்ந்து வாழ்ந்தவருக்குச் சட்டத்தில் என்ன இடம்?

ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவரும் ஒருவரும் சென்னையில் 11 வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். தாலி கட்டவில்லை, பதிவும் செய்யவில்லை. ஏழு வயதில் ஒரு மகள். அந்த ஆணுக்கு முன்பே கல்யாணமாகி மனைவியும் மகனும் ஊரில் இருக்கிறார்கள், இது இவருக்கு முதலிலிருந்தே தெரியும். 15 வருஷமாகப் போக்குவரத்து இல்லை. ஊர்ப் பெரியவர்களை வைத்து "தீர்த்து விட்டாச்சு" என்கிறார், ஆனால் கோர்ட்டுக்குப் போகவில்லை. போன மாதம் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். "அஞ்சு வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலே கல்யாணம் ஆன மாதிரிதான் என்கிறார்களே, நிஜமா? அவருக்கு ஏதாவது ஆனால் எனக்கும் என் பொண்ணுக்கும் என்ன கிடைக்கும்?" இதுதான் கேள்வி. எல்லோரும் இந்துக்கள் என்றும் எழுதியிருக்கிறார். வேறு மதமாக இருந்தால் கீழே சொல்வதில் பாதி மாறும்.

இருபது வருஷத்துக்கும் மேலாக சிவில் வழக்குகள் நடத்துகிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் அவர் போன பிறகுதான் வருகிறார்கள். நீங்கள் முன்னாலேயே கேட்டுவிட்டீர்கள். அதனால் இன்னும் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் அந்த அஞ்சு வருஷக் கணக்கு. இந்தியாவில் எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு வரி கிடையாது. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் தானாகவே கணவன் மனைவி ஆகிவிடலாம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. 2013 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சி.எஸ்.கர்ணன் கொடுத்த ஒரு தீர்ப்பு, உடலுறவு நடந்திருந்தாலே கணவன் மனைவிதான் என்று செய்தியாகப் பரவியது. அந்தச் செய்தியை நம்பி இன்றைக்கும் என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2021 நவம்பரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், முறையாகத் திருமணம் நடக்காமல் எத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் அதை மட்டும் வைத்துக் குடும்ப நீதிமன்றத்தில் தாம்பத்திய உரிமை கேட்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இந்த இரண்டாவது தீர்ப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து வாழ்வது குற்றமா என்றால், இல்லை. 2005-ல் ஒரு பத்திரிகைக்குச் சொன்ன கருத்துக்காக நடிகை குஷ்பு மீது தமிழ்நாட்டில் ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்ந்து வாழ்வது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் அது குற்றமில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. 2018-ல் கள்ள உறவைத் தண்டிக்கும், இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 497-வது பிரிவும் போய்விட்டது. ஆகவே முதல் மனைவி புகார் கொடுத்தாலும், சேர்ந்து வாழ்ந்த ஒரே காரணத்துக்காக உங்களையோ அவரையோ சிறையில் போட முடியாது. உத்தரகாண்டில் 2025 ஜனவரியிலிருந்து இப்படி வாழ்கிறவர்கள் ஒரு மாதத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும், தவறினால் தண்டனை என்று சட்டம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி எதுவும் இல்லை.

சரி, குற்றமில்லை. ஆனால் உரிமை இருக்கிறதா? அங்கேதான் சிக்கல்.

நம் நீதிமன்றங்களில் பழைய கொள்கை ஒன்று உண்டு. அதன் வேர் இலங்கையில் இருக்கிறது. 1927-ல் அங்கிருந்து, அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன ஒரு வழக்கில், ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்தது நிரூபணமானால், இல்லை என்று யாராவது தெளிவாகக் காட்டாத வரைக்கும், அவர்கள் முறையாகத் திருமணம் செய்தே வாழ்ந்தார்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும் என்றார்கள். 1978-ல் நம் உச்ச நீதிமன்றம், சுமார் 50 வருஷம் சேர்ந்து வாழ்ந்த ஒரு தம்பதியைப் பற்றி இதையே சொன்னது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்து, கல்யாணத்தைக் கண்ணால் பார்த்த சாட்சி எங்கே என்று கேட்டால் யாரால் கொண்டுவர முடியும்? இது பழைய சாட்சியச் சட்டத்தில் 114-வது பிரிவாக இருந்தது, புதிய சட்டத்தில் 119 ஆகிவிட்டது. கோர்ட்டில் இதை 'ஊகம்' என்போம். 2022 ஜூனில் கேரளக் குடும்பம் ஒன்றின் சொத்து வழக்கிலும் இந்த ஊகத்தை வைத்துத்தான் பிள்ளைக்குப் பங்கு கிடைத்தது.

ஊகம் எப்படி வேலை செய்யும் என்று ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன். கணவர் இறந்து மூன்று மாதம் கழித்து ஓர் அம்மா என்னிடம் மஞ்சப்பையோடு வந்தார். 19 வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர். கோயிலில் மாலை மாற்றியதற்குப் போட்டோ கூட இல்லை. இறந்தவரின் தம்பி, "அவள் எங்கள் வீட்டில் சமையல் வேலைக்கு வந்தவள்" என்று பதில் மனுவில் எழுதினார். பையைக் கொட்டினோம். கேஸ் புத்தகம், குடும்ப அட்டை, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, இவற்றுக்கு நடுவே நாலாக மடித்த ஒரு காதணி விழாப் பத்திரிகை. மடிப்பில் கிழிந்து, மஞ்சள் கறையோடு இருந்தது. 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்குக் கீழே இருவர் பெயரும் பக்கத்துப் பக்கத்தில். தாய்மாமன் வரிசையில் இந்த அம்மாவின் அண்ணன் பெயர், சித்தப்பா வரிசையில் பதில் மனு போட்ட அதே தம்பியின் பெயர். பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது. அச்சகக்காரரைத் தேடிப் பிடித்துக் கூண்டில் ஏற்றினோம். "ஆமாங்க, நான் அடிச்சதுதான். தம்பிதான் வந்து கணக்குத் தீர்த்தார்" என்றார். குறுக்கு விசாரணை அத்தோடு முடிந்தது. அந்த அம்மாவுக்கு நிலத்தில் பங்கு கிடைத்தது, ஆறு வருஷம் கழித்து.

இதைப் படித்துவிட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அந்த வழக்கில் குறுக்கே இன்னொரு மனைவி இல்லை. உங்கள் விஷயத்தில் இருக்கிறார்.

ஊகத்தை உடைப்பதற்கு உயிரோடு இருக்கும் முதல் மனைவியை விடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அவருக்கு ஒரு மனைவி இருக்கும்போது, நீங்களும் அவரும் சட்டப்படி திருமணம் செய்திருப்பீர்கள் என்று நீதிமன்றம் எப்படி ஊகிக்கும்? இந்து திருமணச் சட்டம் 1955-ல் வந்த நாளிலிருந்து, ஒருவர் உயிரோடு இருக்க இன்னொரு திருமணம் செல்லாது. 15 வருஷம் பிரிந்திருந்தாலும், முகத்தில் முழிக்காவிட்டாலும், விவாகரத்து ஆகாத வரை அவர்தான் சட்டப்படி மனைவி.

குடும்ப வன்முறைச் சட்டத்துக்கும் இதே கதிதான். 2005-ல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் 'திருமணத்தின் தன்மையுள்ள உறவு' என்று ஒன்றைச் சேர்த்தது. தாலி இல்லாமல் வாழ்கிற பெண்ணையும் சட்டம் கண்ணெடுத்துப் பார்த்த முதல் இடம் என்று நான் இதை மதிக்கிறேன். அதன் கீழ் வரும் பெண் குடியிருக்கும் வீட்டிலிருந்து துரத்தப்படாமல் இருக்க உத்தரவு வாங்கலாம், செலவுக்குப் பணம் கேட்கலாம். ஆனால் யார் யார் அதற்குள் வருவார்கள் என்று 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. கோவைக் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு அது. ஆள் ஒரு பள்ளி ஆசிரியர். ஒரு பெண் ஜீவனாம்சம் கேட்டார், தனக்கு ஏற்கனவே மனைவி உண்டு என்று ஆசிரியர் வாதாடினார். நீதிபதிகள் மார்கண்டேய கட்ஜுவும் டி.எஸ்.தாக்கூரும் நான்கு நிபந்தனை வைத்தார்கள். ஊருக்கு முன் கணவன் மனைவியாக நடந்திருக்க வேண்டும். இருவருக்கும் திருமண வயது இருக்க வேண்டும். திருமணம் செய்யத் தகுதி இருக்க வேண்டும், அதாவது வேறு திருமணம் நடப்பில் இருக்கக் கூடாது. விருப்பத்தோடு கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். மூன்றாவதில்தான் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள்.

அந்தத் தீர்ப்பில் 'கீப்' என்ற சொல் வருகிறது. பணம் கொடுத்து வைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று சொல்லும் இடத்தில். அன்று கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங், அதே நீதிமன்றத்தில் எழுந்து அந்தச் சொல்லை எதிர்த்தார். எனக்கும் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. சமைத்துப் போட்டு, பிள்ளை பெற்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த ஒருத்தியை அந்தச் சொல்லுக்குள் அடைத்துவிட முடியுமா? ஆனால் நிபந்தனைகள் இன்றைக்கும் நிற்கின்றன. 2013 நவம்பரில் பெங்களூரு பெண் ஒருவரின் வழக்கில், பல வருஷம் சேர்ந்து வாழ்ந்திருந்தும், அந்த ஆண் திருமணமானவர் என்று தெரிந்தே வாழ்ந்தார் என்பதால் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு தர மறுத்தது. இப்படிப்பட்ட பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சட்டம் இயற்றுங்கள் என்று நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. இதுவரை வரவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் திருமணத்தை மறைத்து ஏமாற்றியிருந்தால் கதை வேறு. அப்படி ஏமாந்த ஒரு பெண்ணை 2013-ல் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்சத்துக்காக மனைவியாகவே கருதியது. உங்களுக்கோ முதலிலிருந்தே தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெரியாது என்று நாளைக்கு மனுவில் எழுதச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். குறுக்கு விசாரணையில் நிற்காது, மற்ற எல்லாவற்றையும் அது கெடுத்துவிடும்.

இனி, அவர் உயில் எழுதாமல் போய்விட்டால் என்ன நடக்கும்? அவர் பெயரில் இருக்கும் வீடு, பணம் எல்லாம் முதல் நிலை வாரிசுகளுக்குப் போகும். முதல் மனைவிக்கு ஒரு பங்கு, அந்த மகனுக்கு ஒரு பங்கு, அவருடைய அம்மா இருந்தால் அவருக்கு ஒரு பங்கு. உங்களுக்கு எதுவும் இல்லை. வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட்டால் வி.ஏ.ஓ. விசாரணையிலேயே முதல் மனைவி பெயர் வந்துவிடும், தாசில்தார் உங்களைக் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்.

மகள் விஷயம் இன்னும் வேதனையானது. இந்து திருமணச் சட்டம் 16-வது பிரிவு, செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையையும் முறையான பிள்ளை என்கிறது. 2023 செப்டம்பர் 1 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, அப்படிப்பட்ட பிள்ளைக்கு அப்பாவின் சுயார்ஜிதத்தில், அதாவது அவரே சம்பாதித்த சொத்தில் மட்டுமல்லாமல், கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்பாவுக்கு வந்திருக்கக்கூடிய பாகத்திலும் உரிமை உண்டு என்று தீர்த்தது. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது செல்லாத திருமணத்தைப் பற்றி. திருமணச் சடங்கு என்று ஒன்று நடந்திருக்க வேண்டும். நீங்கள் எந்தச் சடங்கும் செய்யவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்கு வாரிசுரிமைச் சட்டம் அம்மாவழி உறவை மட்டும்தான் நேராக ஒத்துக்கொள்கிறது. செல்லாத கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைக்குப் பங்கு, கல்யாணமே செய்யாதவர்களின் பிள்ளைக்குக் கேள்விக்குறி! இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உங்கள் மகள் வழக்குப் போட்டால் வாதாட இடம் உண்டு. நானே வாதாடுவேன். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை வாதத்தை நம்பி விட்டுவிட முடியாது.

மகளுக்கு உறுதியாக இருப்பது பராமரிப்புச் செலவு. பெற்றோர் திருமணம் செய்தார்களா என்று பார்க்காமல் அப்பாவிடம் ஜீவனாம்சம் கேட்கலாம், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவு. அப்பா இறந்தாலும், மணமாகாத மகள் அவர் விட்டுப்போன சொத்திலிருந்து பராமரிப்பு கேட்க 1956-ஆம் வருஷத்துப் பராமரிப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது செய்ய வேண்டியது. உயில்தான் முதலில். அவர் டிஸ்சார்ஜ் ஆகி நடமாடத் தொடங்கியதும் செய்துவிடுங்கள். உயிலை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், மனைவியாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு சாட்சிகள் போதும். நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம், எழுதும் இடத்தில் முன்னால் நிற்கவும் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். சட்டப்படி மனைவியையும் மகனையும் விட்டுவிட்டு எழுதும் உயிலை நீதிமன்றம் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். அதனால் ஏன் இப்படிப் பிரிக்கிறார் என்று அவர் வாயாலேயே இரண்டு வரி உயிலில் இருக்கட்டும். அந்த மகனுக்கும் ஏதாவது எழுதி வைக்கச் சொல்லுங்கள். நியாயத்துக்காகவும் சொல்கிறேன், உயில் நிற்பதற்காகவும் சொல்கிறேன். மகள் பெயரை 'என் மகள்' என்றே எழுத வேண்டும். உடம்பு தேறிவிட்டது, தெளிவாக இருக்கிறார் என்று டாக்டரிடம் அதே வாரத்தில் ஒரு சான்று வாங்கி வையுங்கள்.

உயில் எதற்கு, இப்போதே பெயருக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றலாம். ஆனால் குடும்ப உறுப்பினர்களுக்கு எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு உள்ள சலுகைக் கட்டணம் உங்களுக்கு வராது, ஏனென்றால் நீங்கள் மனைவி இல்லை. வருமான வரியிலும் நீங்கள் 'உறவினர்' இல்லை. வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அவர் அன்பளிப்பாகக் கொடுத்தால் உங்கள் வருமானமாகக் கணக்கு வரும். உயில் மூலம் வருவதற்கு அந்த வரி இல்லை. புதிதாக ஏதாவது வாங்குவதாக இருந்தால் இருவர் பெயரிலும் வாங்குங்கள், உங்கள் பங்குப் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே போகட்டும். சீட்டுப் போட்டு எடுத்ததையும் நகை வைத்து எடுத்ததையும் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் ரசீது தேடாதீர்கள்.

நாமினி விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நாமினி என்றால் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை, அவ்வளவுதான். சொத்து வாரிசுக்குத்தான். இன்ஷூரன்ஸில் 2015-க்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். அந்தப் பட்டியலில் நீங்கள் இல்லை, ஆகவே மகள் பெயரைப் போடச் சொல்லுங்கள். பி.எஃப்.-இல் குடும்பம் உள்ளவர் குடும்பத்துக்கு வெளியே ஒருவரை நியமித்தால் அது செல்லாது. அங்கே 'மனைவி' என்று முதல் மனைவியே நிற்பார்.

நூறு ரூபாய் முத்திரைத்தாளில் 'நாங்கள் கணவன் மனைவியாக வாழ்கிறோம்' என்று எழுதி நோட்டரி முத்திரை குத்தித் தருகிறேன் என்று கோர்ட் வாசலிலேயே சிலர் சொல்வார்கள். அது திருமணம் ஆகாது. அதைவிட மோசம், அவசரப்பட்டு இப்போது ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொள்வது. முதல் திருமணம் இருக்கும்போது இன்னொரு திருமணம் செய்தால் அவர் மேல் இருதார வழக்கு வரும், ஏழு வருஷம் வரை தண்டனை உண்டு. மகளுக்கு 16-வது பிரிவு கிடைக்குமே என்று யாராவது சொன்னாலும் அதற்காக அவரைக் குற்றவாளியாக்காதீர்கள்.

வேரைச் சரி செய்ய வேண்டும், அதாவது விவாகரத்து. ஊர்ப் பெரியவர்கள் தீர்த்து வைத்தது சில சாதிகளில் வழக்கமான விவாகரத்தாக நிற்கும், இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு அதை ஒத்துக்கொள்கிறது. ஆனால் அந்த வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக உண்டு என்றும், அன்றைக்கு அப்படித்தான் நடந்தது என்றும் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். எழுதிய தாள் இருக்கிறதா, அன்று உட்கார்ந்த பெரியவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இருந்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். முதல் மனைவி சம்மதித்தால் பரஸ்பர விவாகரத்துக்கு மனுப் போடலாம். ஒரு வருஷம் பிரிந்திருந்தால் போதும், ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யவும் 2017-லிருந்து நீதிமன்றத்துக்கு இடம் இருக்கிறது. முதல் மனைவிக்கும் 15 வருஷமாக நிற்கும் நியாயம் ஒன்று இருக்கும். ஒரு தொகை கேட்டால், மகன் படிப்புக்குக் கேட்டால், கொடுத்துத் தீர்ப்பது வழக்கு நடத்துவதை விடச் சீக்கிரம் முடியும். இந்தப் பேச்சுக்கு நீங்கள் போக வேண்டாம், அவர் போகட்டும், கூட ஒரு வக்கீல் போகட்டும்.

விவாகரத்துத் தீர்ப்பு கைக்கு வந்த பிறகு திருமணம் ரொம்பச் சுலபம். ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம். 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த 7-ஏ பிரிவின்படி, உறவினரோ நண்பரோ முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ போதும். ஊரைக் கூட்ட வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

அதுவரை காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கை விண்ணப்பம், ஸ்டென்ட் வைத்தபோது நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் நகல், இருவர் பெயரும் உள்ள எந்தப் பத்திரிகையும். வக்கீல் கட்டணம் கவலையாக இருந்தால் உயர் நீதிமன்ற வளாகத்திலும் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள். போகும்போது மகளின் பிறப்புச் சான்றிதழை அசலாக எடுத்துப் போங்கள், அதைக் காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.